தகடு அடித்த லாரி

1934 ஆகஸ்ட் 6, திங்கள்

லாரி வந்துவிட்டது. வேலூரிலிருந்து ராமலிங்கம் ஓட்டிக்கொண்டு வந்தான். இனி அவன்தான் டிரைவர். முன்பு ரோடு கான்ட்ராக்டருக்கு ஜல்லி அடித்த லாரி. பின்பக்கத் தரைப் பலகை உளுத்துப் போய், அதன்மேல் இரும்புத் தகடு அடித்து வைத்திருக்கிறார்கள். "யானை ஏறினாலும் தாங்கும் மொதலாளி" என்றான். என்னை முதலாளி என்று கூப்பிட்ட முதல் ஆள் அவன்தான்.

ஊரே கூடி வேடிக்கை பார்த்தது. என் மச்சான் வேலாயுதம் மட்டும் வரவில்லை. என் வீட்டுக்காரி அமிர்தவள்ளி கற்பூரம் காட்டினாள். கண் மட்டும் அண்ணன் வீட்டுப் பக்கமே இருந்தது.

ஆகஸ்ட் 9

மனசு சரியில்லை. எழுதினால் தெளியுமா பார்க்கிறேன்.

முனீர் அகமது சாயபுவின் தோல் ஷாப்பு இல்லையென்றால் இந்த மலையடிவாரத்தில் என்ன இருக்கிறது? பாதி ஊர் அங்கே தொட்டியில் இறங்கித் தோல் பதனிடுகிறது. மீதிப் பாதி அதற்காக ஆவாரம்பட்டை உரித்துக் கொண்டுபோய்ப் போடுகிறது. பதனிட்டுக் காய்ந்த தோலை ஆம்பூர் ஸ்டேஷனில் சேர்ப்பது நானும் மச்சானும். மாட்டு வண்டியில். கோழி கூவக் கிளம்பினாலும் கூட்ஸ் ஷெட் சாத்துவதற்குள் போய்ச் சேருவது பெரும்பாடு. மழை பெய்தால் கேட்கவே வேண்டாம். அன்றைய வேகன் போய்விடும், அதோடு சென்னையில் கப்பலும் போய்விடும்.

சித்திரையில் சாயபு என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "இந்தா பாரு காசி, லண்டன் ஏலம் நமக்காவ நிக்காது. ரயிலுக்குப் பக்கத்துலே இருக்கிறவன் தோலு முதல்லே போய் விலை பாத்துடுது. ஆம்பூர்லே லைனோரமா ஒரு எடம் பாத்திருக்கேன். ஷாப்பை அங்கே மாத்திடலாம்னு யோசனை."

அவர் போனால் ஊர் போயிற்று. அதற்காகத்தானே என் வண்டியையும் மாடுகளையும் விற்று லாரி வாங்கினேன்? மச்சானையும் கூப்பிட்டேன், ரெண்டு பேருமா சேர்ந்து ஓட்டலாம் என்று. "மாடு திங்கிற வைக்கோலு நம்ம ஊர்லே வெளையுது. அது குடிக்கிற எண்ணெய் எங்கேர்ந்து வருது மாப்ளே?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்ட்டான். அன்றைக்கு நின்ற பேச்சு.

லோடு எனக்கு வந்தால் அவனுடைய பெரிய வண்டிக்கு லோடு இல்லை. பட்டை இழுக்கிற சின்ன வண்டி ஒன்றை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? தெரியாமலா செய்தேன்? தெரிந்துதான் செய்தேன்.

ஆகஸ்ட் 13

முதல் லோடு. சாப்பாட்டு வேளைக்கு முன்பே கூட்ஸ் ஷெட்டில் இறக்கிவிட்டோம். ஷெட் கிளார்க் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். சாயபு முதுகில் தட்டிக்கொடுத்தார். நியாயமாக எனக்குக் கால் தரையில் பாவியிருக்கக் கூடாது.

கயிறு கட்டும்போதுதான் மச்சான் ஞாபகம் வந்து தொலைத்தது. நான் முடிச்சுப் போட்டால் பக்கத்தில் வந்து நின்று, "இன்னா முடிச்சு இது? மாடு தும்மினா அவுந்துடும்" என்பான். அவிழ்த்துவிட்டுத் தன் கையால் போட்டால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். எத்தனை தடவை எரிந்து விழுந்திருக்கிறேன். இன்று குறை சொல்ல ஆள் இல்லை.

செப்டம்பர் 2

பாப்பாவுக்குக் காது குத்த வேண்டும். கார்த்திகையில் பள்ளிகொண்டா கோயிலில் வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

"யார் மடியிலே உக்கார வச்சு?" என்றாள் அமிர்தவள்ளி.

தாய்மாமன் மடியில்தான். வேறு யார் மடி இருக்கிறது? சோற்றை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். குழம்பு கேட்கப் பயந்துகொண்டு மோரை ஊற்றிச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 20

மச்சானின் பெரிய வண்டி நுகத்தடி தரையில் ஊன்றியபடி நிற்கிறது. அந்தத் தெரு வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போனேன்.

அக்டோபர் 17

என்ன காரியம் பண்ணிட்டேன் நான்.

நேற்று பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. மேலே தார்ப்பாய் இருக்கிறதே என்று இருந்துவிட்டேன். சக்கரம் சேற்றில் மாட்டி மணிக்கணக்காக நின்றோம். ஓரமாகத் தண்ணீர் இறங்கித் தரையில் தேங்கியதை யார் பார்த்தார்கள்? ஸ்டேஷனில் இறக்கினால் அடியிலிருந்த தோல் அத்தனையும் கருநீலம். மை கொட்டிய மாதிரி.

இரும்பு. ஆவாரம்பட்டையில் ஊறின தோலில் ஈரத்தோடு இரும்பு பட்டால் கறுத்துவிடும். தொட்டிப் பக்கம் இரும்பு வாளியைக் கொண்டுபோனால் அடிக்க வருவார்கள். இது இந்த ஊரில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? சாயபுவுக்குத்தான் தெரியாதா? தகட்டின்மேல் தோலை அடுக்கும்போது அவரும் பக்கத்தில்தான் நின்றார். தொட்டி என்றால் எங்களுக்கு இரும்பு ஞாபகம் வரும். வண்டி என்றால் மரம் என்றே பழகிவிட்டோம். காய்ந்த நாளில் ஒன்றும் ஆகவில்லை, அதிலேயே மயங்கிட்டோம் — எல்லாருமே.

சாயபு கத்தவில்லை. ஒரு தோலை எடுத்து வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். "என் மார்க்கு போட்ட தோலு காசி. மெட்ராஸ்லே இந்த மார்க்கைப் பாத்தா கட்டைப் பிரிச்சுக்கூடப் பாக்காம எடுத்துக்குவான்" என்றார். அதற்கு அவர் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

அக்டோபர் 18

லாரியை நிறுத்தச் சொல்லிவிட்டார். தகட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டேன் சாயபு, புதுப் பலகை போடுகிறேன் என்று கெஞ்சினேன்.

"புதுப் பலகை ஈரத்துலே இன்னா சாறு விடுமோ, அதை யார் கண்டா? எனக்குப் பேஜாராப் போச்சு காசி. பழையபடி வேலாயுதம் வண்டியிலே போகட்டும். தை மாசத்துக்குள்ளே நான் ஆம்பூர் போய்டறேன்."



அக்டோபர் 19

என் கண்ணெதிரில் மச்சான் வண்டியில் லோடு ஏறியது. அவன் என் பக்கம் திரும்பவில்லை. சந்தோஷப்பட்டானா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்குத்தான் வயிறு எரிந்தது.

நவம்பர் 3

மழை விடவில்லை. மச்சான் வண்டி அச்சுவரை சேற்றில் இறங்கி நின்றதாம். ஆள் தோள் கொடுத்துத் தள்ளியும் ஷெட் சாத்தின பிறகுதான் போய்ச் சேர்ந்திருக்கிறான். கப்பல் போய்விட்டது. மழை பிடித்த பிறகு இது இரண்டாவது தடவை.

ஆம்பூரில் லைனோரத்து இடத்தில் சாயபுவின் ஆட்கள் கயிறு பிடித்து அளக்கிறார்கள் என்று ராமலிங்கம் பார்த்துவிட்டு வந்து சொன்னான். பட்டை உரிக்கிற எல்லம்மா சாயங்காலம் வாசலில் வந்து நின்றாள். "ஷாப்பு போய்ட்டா எங்க பட்டையை யார் வாங்குவா? உன் லாரி எப்பத்தான் ஓடும்?" என்றாள். ராமலிங்கமும் அதையேதான் கேட்கிறான். லாரிமேல் கோழி ஏறி உட்கார்ந்திருக்கிறது.

நவம்பர் 11

அமிர்தவள்ளி காது குத்துக்கு அழைக்க அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். வருவதாகச் சொன்னானா என்று கேட்டேன்.

"மழையிலே கொழந்தையைத் தூக்கினு வந்தியேன்னு திட்டுனாரு. அவ்ளோதான்."

அது வருகிறேன் என்று அர்த்தமா, இல்லையா?

நவம்பர் 18, ஞாயிறு. பள்ளிகொண்டா

வந்தான். துணி, கம்மல், வெல்லம், தேங்காய், ஒரு குறையில்லாமல் சீர் கொண்டுவந்தான். பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அது வீறிட்டபோது தன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. பந்தியில் நான் இலைக்கு நேராகப் போய் நின்று, "இன்னும் கொஞ்சம் சோறு?" என்றேன். இலையை மடித்துவிட்டான்.

எங்கள் வீட்டில் எல்லாரும் லாரியில்தான் கோயிலுக்கு வந்திருந்தோம். கை கழுவின மச்சான் நேரே அதன் பின்பக்கம் போனான். தகடு போன இடத்தில் உளுத்த பலகை பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அவன் கையை விரித்து ஜாண் ஜாணாக அளந்தான்.

நவம்பர் 20

கதவைத் திறந்தால் வாசல் சுவரில் பலகைகள் சாத்தியிருக்கின்றன. பெரிய வண்டியின் தரை. அவன் அப்பா காலத்து வண்டி — பிரித்துவிட்டான். கொண்டுவந்து வைத்துவிட்டு, கூப்பிடாமலே போயிருக்கிறான். அமிர்தவள்ளி ஒவ்வொரு பலகையாகத் தொட்டுப் பார்த்தாள். "சின்ன வயசுலே இதுமேலதான் படுத்துத் தூங்குவேன்" என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. சொல்ல என்ன வெட்கம்?

நவம்பர் 21

சாயபு ஆள் விட்டுக் கூப்பிட்டார். போனேன்.

"உன் மச்சான் நேத்து வந்தான். 'இந்தப் பலகைமேலே உங்க தோலு எத்தினி மழை பாத்திருக்கு, ஒரு கறை உண்டா சாயபு?'ன்னான். நான் இன்னா சொல்றது? இல்லேன்னேன். 'அப்போ அதே பலகையிலேதான் போவுது, சக்கரம்தான் வேற'ன்னான். அதுக்குமேலே உக்காரக்கூட இல்லே, போய்ட்டான்."

தாடியைத் தடவினார். "ஒரு மாசம் ஓட்டு. பாக்குறேன்" என்றார்.

நவம்பர் 26

ஆசாரி வந்து தரை போட்டு முடித்தார். எல்லாம் மர முளை. ஓர் இரும்பு ஆணிகூட மேலே தெரியவில்லை.

டிசம்பர் 9

நல்ல மழையில் ஒரு லோடு. இறக்கும்வரை என் உயிர் என்னிடம் இல்லை. அடித்தட்டுத் தோலை நானே புரட்டினேன். கறை இல்லை.

1935 ஜனவரி 31

தை பாதிக்குமேல் போய்விட்டது. சாயபு போகவில்லை. ஷாப்பில் புதுத் தொட்டிகள் தோண்டுகிறார்கள். ஊர்ப் பட்டை போதாமல் அணைக்கட்டுப் பக்கமிருந்தும் வரவழைக்கிறார்கள். மச்சானின் சின்ன வண்டி ஒருநாளும் சும்மா நிற்பதில்லை. பெரிய வண்டியின் சக்கரங்கள் மட்டும் அவன் வீட்டுச் சுவரில் சாய்ந்து கிடக்கின்றன. இப்போது அந்தத் தெரு வழியாகத்தான் போகிறேன்.

இன்று லோடு ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். பட்டை இறக்க வந்த மச்சான் தலைத்துண்டை அவிழ்த்து உதறிவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றான். நான் நிமிரவில்லை. அவன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா முடிச்சு இது?" என்றான்.

நான் கயிற்றை அவன் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்து நின்றேன்.