முனியாண்டிக்குப் படைத்த ஸ்பெயின் வைன்

பிலிமத்தலாவை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் நிஷாந்தினிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் சுகமாக இருக்க முனியாண்டி துணை நிற்கட்டும். இது முழுக்க என் கையெழுத்து மகளே. போனில் சொல்லலாமே என்று சிரிப்பாய். போனை அம்மா தானே வைத்துக்கொள்கிறாள், எனக்குத் தரும்போது அழுது அழுது காசு முடிந்திருக்கிறது. சனசமூக நிலையத்தில் இந்த வயதில் படித்த எழுத்து பிறகு எதற்கு? மெதுவாகத்தான் வருகிறது, ஆனால் நிறுத்த மனமில்லை.

நீ வேலை செய்யும் வைன் நிலவறையின் முதலாளி பெர்மின் ஐயா கொடுத்தனுப்பிய வைன் போத்தல் பஹீம் முதலாளியின் ஹார்ட்வெயார் கடைக்கு வந்து சேர்ந்தது. உள்ளே என்னவென்று தெரிந்ததும் அவர் அதைப் பச்சைக் குழந்தை போலக் கொண்டுவந்து தந்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். தக்கையைத் திறக்கத் தெரியாமல் மறுபடி அவரிடமே போனேன். நீளமான ஸ்க்ரூ ஆணியையும் குறட்டையும் எடுத்துத் தந்து, குடிக்கிறதுதான் எங்களுக்கு ஹராம், ஆணி விக்கிறது இல்லையே என்றார்.

பெர்மின் ஐயா தனக்குப் பிறகு அந்த நிலவறையை உன் கையில் ஒப்படைக்க நினைக்கிறார், அறுவடைக்கு முன் பதில் கேட்கிறார் என்று நீ சொன்ன நாளிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. அந்த வைனையே முனியாண்டிக்குப் படைத்து, மகளை ஒரேயடியாக வீட்டுக்குக் கொண்டுவந்துவிடு என்று கேட்போம் என்றாள். எனக்கும் அதுதான் ஆசை. போன வெள்ளி சுருட்டும் சுண்டலும் வைத்து அப்படியே வேண்டினோம். போத்தலைச் சாய்த்ததும் எனக்குத் திக்கென்றது. சிவப்பு என்றாய், வந்ததோ பழைய ஓட்டின் நிறம், பால் விடாத நம் சாயத் தண்ணி மாதிரி, அடியில் மண்டி வேறு. கெட்டுப்போனதைச் சாமிக்கு ஊற்றிவிட்டோம் என்று அம்மா தலையில் கை வைத்தாள். பூசாரி மிச்சத்தை வாயில் விட்டுப் பார்த்து, சாமி கோவிக்காது பெரியவரே, இன்னும் கேக்கும் என்றார்.

பிறகு நானும் ஒரு மிடறு குடித்தேன். முதலில் புளிப்பு, அப்புறம் உலர்ந்த பழம், அப்புறம் எங்கள் பேக்டரி மாடியில் கொழுந்து வாட்டும் வாசம், பழைய பலகை வாசம். தேயிலையில் ஒரு நாள் பிந்தினால் கொழுந்து குப்பைதான். காத்திருந்தால் கெட்டுவிடும் என்பதே நான் கண்டது. அந்த மனிதரோ இதைப் பத்து வருடம் மரப் பீப்பாயில் விட்டு, பீப்பாய் மாற்றும்போதெல்லாம் மெழுகுவர்த்தியைப் பிடித்துத் தெளிவு பார்த்துக் காத்திருக்கிறார். நீ சொன்னபோது வேலையில்லாத மனிதர் என்று நினைத்தேன். இப்போது அந்த மெழுகுவர்த்தியை உன்னிடம் தந்திருக்கிறாராமே. எனக்குத் தலைகால் புரியவில்லை மகளே, வழியில் கண்டவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

அதனால் அப்பா சொல்கிறேன், நீ அங்கேயே இரு. சரி என்று அவரிடம் சொல். அம்மாவிடமும் இதைச் சொன்னேன். மறுநாள் அடுப்பைப் பார்த்தபடியே, “அந்தப் பெரியவரு தனியாவா சாப்பிடுறாரு, இவ கூட உக்காந்து சாப்பிடுறாளான்னு கேட்டு எழுதுங்க” என்றாள். இதற்குக் கட்டாயம் பதில் எழுது. வேண்டுதலை மாற்றிக் கேட்க வரும் வெள்ளி ஒரு சேவலோடு போகிறோம்.

பொங்கலுக்கு லீவில் வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போ. கழுத்தில் துணி சுற்றாமல் நிலவறைக்குள் இறங்காதே. தக்கை திறக்கும் சாமான் ஒன்று கொண்டுவா. இந்த அறுவடையில் நீ நிரப்பும் முதல் பீப்பாயில் சோக் கட்டியால் உன் பெயரைத் தமிழில் எழுது, நான் வாசிக்க வேண்டும். அது பக்குவமாகும்போது எனக்கு எண்பது தாண்டியிருக்கும். இரண்டு போத்தல் எடுத்துவை, ஒன்று முனியாண்டிக்கு, ஒன்று எனக்கு. நான் இல்லாவிட்டால் இரண்டையும் நீயே சாமி காலடியில் ஊற்று, என் பங்கை அவர் எனக்குத் தந்துவிடுவார். பூசாரி கையில் மட்டும் கொடுத்துவிடாதே.

எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம்.

இப்படிக்கு,
தன் கையால் எழுதிய உன் அப்பா,
கணபதி