மலரில் இல்லாத எட்டு வருஷம்

சின்ன காஞ்சிபுரம்
12-11-1974

சிரஞ்சீவி குமாரவேலுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, நான், உன் தங்கை காந்தா மூவருக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. பிலாயில் குளிர் ஆரம்பித்திருக்கும், நீயும் சௌக்கியமாக இரு. என் மனசைப் பற்றி மட்டும் கேட்காதே, பத்து நாளாகக் கொதித்துக்கொண்டிருக்கிறது, அதற்குப் பாதிக் காரணம் நீ.

கைத்துணை மன்றத்தின் ஐந்தாம் ஆண்டு மலரில் உன் வாழ்த்துரையைப் பார்த்தேன். "இம்மன்றத்தைத் தோற்றுவித்து என் போன்ற இளைஞர்களுக்கு வழிகாட்டிய வள்ளல் சபாபதி அவர்கள்" என்று எழுதி, கீழே உன் பெயர், உன் வேலை, உன் போட்டோ. ஏன்டா, சபாபதி உனக்கு எந்த வழியைக் காட்டினார்? அவர் பட்டுக் கடைக்குப் போகும் வழியையா? மன்றம் அறுபத்தொன்பதில் ஆரம்பமாம். நீ எஸ்.எஸ்.எல்.சி. தவறி சினிமாக் கொட்டகை வாசலே கதி என்று கிடந்தது அறுபத்தொன்றில். நம் தெருவுக்குத் தபால் கொண்டுவந்த தாவீதுதான் வாசலில் நின்று, "பதினோரு மணிக்கு வயசுப் புள்ள வீட்ல குந்திக்கினு இருக்குதேம்மா, ஞாயித்துக்கிழமைல என்கூட அனுப்புங்க" என்று கேட்டார். இரண்டு வருஷம் ஒரு ஞாயிறு தவறாமல் உன்னோடு பாலாறு வரை நடந்தவர் அவர். உன்னை மறுபடி பரீட்சைக்கு உட்கார வைத்ததும், சென்னையில் தொழிற்பயிற்சிக்கு மனுப் போட வைத்ததும் அவர். உன்னைப் பார்த்து மற்ற வீட்டுக்காரர்களும் தங்கள் பிள்ளைகளுக்காகக் கேட்டார்கள். தனி ஆள் எத்தனை பேரோடு நடப்பார்? தபால் கொடுக்கும் வீடுகளிலேயே ஆள் சேர்த்தார். "வாரத்துல ரெண்டு மணி நேரம், ஒரே ஒரு புள்ளைக்கு. படிச்சவங்களா இருக்கணும்னு இல்ல, சொன்ன நாளுக்கு வந்தா போதும்மா" என்பார். பஸ் கண்டக்டர் ராமலிங்கம் வந்தார், நானும் போனேன், வள்ளி என்ற பெண்ணை என் பொறுப்பில் விட்டார். கைத்துணை என்று பெயர் வைத்தவரும் அவர்தான். எட்டு வருஷத்தில் நாற்பது பேர் சேர்ந்துவிட்டோம்.

அப்புறம்தான் சபாபதி தலைவராக வந்தார், பதிவு செய்தார், போர்டு மாட்டினார். முதல் கூட்டத்திலேயே ஒருவர் எழுந்து, "தாவீது நல்லவர்தான், ஆனா சேரிக்காரர் நம்ம வூட்டுக்குள்ள வந்து குந்தறது நல்லா இல்லபா" என்றார், சபாபதி தலையாட்டினார். நானும் அங்கே இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. சபாபதி கடையிலிருந்து கொடுக்கும் பாவு நூலை நம்பித்தான் அப்பா தறி ஓடியது. தாவீது எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே போனார். அன்று முதல் தன் தெருப் பிள்ளைகளோடு தனியாக நடக்கிறார். அந்த வெட்கம் ஐந்து வருஷமாக எனக்குள் கிடந்தது.

போன மூன்றாம் தேதி விழாவில் மூத்த தொண்டர் என்று எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மைக்கைப் பிடித்து, இதை ஆரம்பித்தது தாவீது, அவரைத் துரத்தினது நாம், அதில் நானும் ஒருத்தி என்று சொன்னேன். மைக்கை நிறுத்திவிட்டார்கள். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டைக்கு மைக் எதற்கு? முழுசும் சொல்லித்தான் இறங்கினேன். வாலாஜாபாத்தில் டீச்சராக இருக்கும் வள்ளிதான் முதலில் எழுந்து, "எங்கம்மா சொல்றது நெஜம்" என்றாள், பிறகு ராமலிங்கம் எழுந்தார். மற்றவர்கள் சாப்பாட்டுப் பந்திக்கு எழுந்தார்கள்.

இரண்டாம் நாளே, இனிமேல் பாவு கிடையாது என்று சபாபதி சொல்லி அனுப்பிவிட்டார். தறி சும்மா நிற்கிறது. அப்பா என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன். "இப்பவாவது சொன்னியே" என்று மட்டும் சொல்லிவிட்டு, கூட்டுறவுச் சங்கத்தில் மனுக் கொடுக்கப் போனார். அதனால், அப்பா பிழைப்புக்காகத்தான் அந்த வாழ்த்துரையை எழுதினேன் என்று நீ சொல்லாதே. அவர் உன்னைக் கேட்கவில்லை.

மலரை எடுத்துக்கொண்டு தாவீது வீட்டுக்குப் போனேன். அவர் மேலும் எனக்குக் கோபம். இத்தனை நாள் ஏன் சும்மா இருந்தீர்கள் என்று கேட்டேன். "புள்ளைங்க வருதும்மா, பேரு எதுக்கு" என்றார். உங்களுக்கு வேண்டாம், உங்கள் தெருப் பிள்ளைகளுக்கு வேண்டாமா, இதை ஆரம்பித்தது எங்கள் ஆள் என்று அவர்கள் சொல்லிக்கொள்ள வேண்டாமா என்றேன். அவர் மலரை வாங்கி, உன் வாழ்த்துரையை இரண்டு தடவை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஒரு எழுத்துப் பிழை இல்லம்மா, நம்ம குமாரு எவ்ளோ நல்லா எழுதறான் பாருங்க" என்றார். அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

எனக்குப் பதில் போடாதே. முதலில் அவருக்கு எழுது, அடுத்து மன்றத்துக்கு மறுப்பு எழுது. பொங்கலுக்கு வரும்போது நம் வீட்டுக்கு வருமுன் அவர் வீட்டுப் படி ஏறிவிட்டு வா.

காமாட்சி உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் கொடுக்கட்டும். காலை ஷிப்டுக்குப் போகும்போது கம்பளிச் சட்டை போட்டுக்கொள்.

கோபம் தீராத உன் அம்மா,
மங்கையர்க்கரசி