அத்தானின் வண்டிக்குப் புது ரேடியேட்டர்

அன்பு அக்காவுக்கு,

உன் தம்பி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம், என் காற்சட்டையின் பின்பக்கத்தைத் தவிர. அதில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஓர் ஓட்டை. என் வீட்டுக்காரி உனக்குப் போன் போட்டுக் கண் காது மூக்கு வைத்துச் சொல்வதற்குள், மானம் போனாலும் பரவாயில்லை என்று நானே சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை மத்தியானம் உங்கள் வீட்டுக் கார் கொட்டகையில் சுவரில் சாய்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தேன். மெக்கானிக் புது ரேடியேட்டரில் பச்சை நிறக் கூலன்ட்டை ஊற்றி, மூடியைத் திறந்தே வைத்து இன்ஜினை ஓடவிட்டான். உள்ளே சிக்கிய காற்று வெளியேற வேண்டுமாம். முதலில் சும்மா குபுகுபு என்றது. அப்புறம் இரண்டு தடவை சின்னதாக, ஒரு தடவை நீளமாக, தொண்டையைச் செருமியது. குளியலறைக்குள் நுழையுமுன் அத்தான் செருமுவாரே, அதே செருமல். ஐம்பத்திரண்டு வயதுக்காரன், பேரன் எடுத்தவன், சட்டென்று சிகரெட்டைப் பின்னால் மறைத்துக்கொண்டு விறைப்பாக நின்றுவிட்டேன். மீதியை நெருப்பு பார்த்துக்கொண்டது.

வண்டிக்குப் பயந்து சிகரெட்டை மறைச்ச ஒரே ஆம்பள நீங்கதான் என்றாள் உன் தம்பி மனைவி. வண்டிக்கு இல்லடி என்றேன். வழக்கமாக இதற்கு அவளிடம் ஒன்பது பதில் இருக்கும். அன்று முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். அவளுக்கும் கேட்டிருக்கிறது.

போகட்டும். நீ கேட்டதற்கு வருகிறேன். உன் மகன் அனுப்பிய அலுமினிய ரேடியேட்டரை மாட்டு, அந்த மேட்டில் வண்டியை ஏற்று, கொதிக்காமல் ஏறுகிறதா என்று உள்ளது உள்ளபடி எழுது என்று கேட்டிருந்தாய். எதற்குக் கேட்கிறாய் என்று புரியாத அளவுக்கு நான் மக்கு இல்லை. ரேடியேட்டர் மாத்தணும் என்று அத்தான் சாப்பாட்டு மேசையில் சொன்னபோது, இந்தக் கெழட்டு வண்டிக்குப் புது நெஞ்சு ஒரு கேடா என்று நீ கேட்டாய். எல்லோரும் சிரித்தோம், அவர்தான் ரொம்ப நேரம் சிரித்தார். அடுத்த வாரமே வண்டி அந்த மேட்டில் கொதித்து நின்றது. தண்ணீர் தேடி உச்சி வெயிலில் கேனைத் தூக்கிக்கொண்டு மேலே நடந்தவர், திரும்பி நடந்து வரவில்லை. அவரை அந்த மேட்ல நடக்கவெச்சது நான்தான்டா என்று நீ அங்கே மகன் வீட்டில் அவனிடம் சொல்லிச் சொல்லி, பாதிச் சோற்றில் எழுந்துவிடுகிறாயாம். அவன் எழுதியிருந்தான்.

வேலை சுலபமாக முடியவில்லை. நம் மெக்கானிக்கைத்தான் உனக்குத் தெரியுமே, 'மோப்பம்'. வண்டியைத் திறக்கவே மாட்டான். மூக்கை நீட்டி ஆவியை முகர்ந்து, இன்ன நோய் என்று சொல்லிவிடுவான். நாமும் டாக்டர் சொன்னதைக்கூட இரண்டு பேரிடம் விசாரிப்போம், மோப்பம் சொன்னால் வேதம். அன்றைக்கு அத்தானிடம், ரேடியேட்டர் உள்ள அழுகிப்போச்சு சார், வாசனையே சொல்லுது என்றவனும் அவன்தான்.

பழைய ரேடியேட்டரைக் கழற்ற இரண்டு பேர் மல்லுக்கட்டினோம். அலுமினியமோ கைக்குழந்தை மாதிரி இருக்கிறது. குழந்தை மாதிரியே சொன்னபடி உட்காரவும் மாட்டேன் என்றது. போல்ட் ஓட்டைகள் ஒரு விரல் தள்ளி இருந்தன. கிளாம்ப்பை அரத்தால் ராவினான். இரும்பும் அலுமினியமும் நேராக உரசினால் அரித்துவிடும் என்று நடுவில் ரப்பர் வைத்தான். மாமியார் மருமகளுக்கு நடுவுல நான் நிக்கற மாதிரி என்றான். இது கொஞ்சம் தடிமன் வேறு. ஃபேன் இறக்கை முட்டப் பார்த்தது, வாஷர் கொடுத்து முன்னால் தள்ளினான். இதன் வாய்களும் பெரிது, அதனால் தண்ணீர் போய்வரும் மேல் ஹோஸ் கீழ் ஹோஸ் இரண்டும் புதுசு.

இதில் ஒரு விஷயம். வேலை நடந்த நாட்களில் சாயங்காலம் வண்டியை உள்ளே தள்ளும்போது ஸ்டியரிங்கைப் பிடித்து உட்காருவது நான். என் கால் குட்டை, சீட்டை முன்னால் இழுத்துக்கொள்வேன். காலையில் பார்த்தால் சீட் பின்னால் போயிருக்கும், அத்தான் கால் நீளத்துக்கு. கொக்கி தேஞ்சிருக்கு என்றான் மோப்பம். கேட்டுக்கொண்டேன். ஆனாலும் மூன்றாம் நாள் முதல் சீட்டை இழுக்கவில்லை. எட்டாத காலை எட்டவைத்து நுனியில் உட்கார்ந்தே சமாளித்தேன்.

ஞாயிறு காலை மேட்டுக்குப் போனோம். நான் ஓட்ட, உன் தம்பி மனைவி பின் சீட்டில். முன் சீட்ல நான் உட்கார மாட்டேன் என்றாள். ஏன் என்று நானும் கேட்கவில்லை. வண்டி வெண்ணெயில் கத்தி போல ஏறியது. வெப்ப முள் பாதியைத் தாண்டவில்லை. அவர் நிறுத்திய அந்த வளைவில் நானும் நிறுத்தினேன். காற்றுகூட இல்லை. இன்ஜின் சூடு ஆறும் சத்தம் மட்டும், டிக் டிக்கென்று. அப்போது இடப்பக்கக் கதவு தானாகத் திறந்தது. அந்தக் கதவு சரிவில் திறந்துகொள்ளும் என்று உலகத்துக்கே தெரியும். இருந்தாலும் அக்கா, ஓர் ஆள் கேனைக் கீழே வைத்துவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, குனிந்து ஏறி உட்கார எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டுத்தான் எட்டிக் கதவைச் சாத்தினேன். எதற்கெடுத்தாலும் என்னைக் கிண்டல் செய்கிறவள், பின்னாலிருந்து மெல்ல, பாத்துச் சாத்துங்க, கை இருக்கப்போவுது என்றாள்.

ஆக, கொதிக்கவில்லை. உள்ளது உள்ளபடி எழுதிவிட்டேன். இதை எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது. வண்டி நன்றாக ஓடுகிறது என்று எழுதினால் உன்மேல் பழி போட்டு எழுதின மாதிரி ஆகிறதே. கொதித்தது என்று பொய் எழுதலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் நான் பொய் சொன்னால் என் எழுத்து சாயும் என்று சின்ன வயதிலேயே கண்டுபிடித்தவள் நீ.

மனைவி உனக்குப் புது விரிப்பு வாங்கி வைத்திருக்கிறாள். வந்துவிடு அக்கா. என்னைத் திட்ட இப்போது ஆளில்லை; கொட்டகையில் இருப்பவர் வெறுமனே செருமுகிறார், அவ்வளவுதான். வேளைக்குச் சாப்பிடு. இலையில் மிச்சம் வைக்காதே. நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் பாதம் தொடும்,
தம்பி

பி.கு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் மோப்பம் வந்து வாசலிலேயே நிற்கிறான், உள்ளே வர மாட்டேன் என்கிறான். கழற்றிப் போட்ட பழைய கீழ் ஹோஸைச் சும்மா கத்தியால் கீறிப் பார்த்தானாம். உள்பக்க ரப்பர் உரிந்து உள்நாக்கு மாதிரி தொங்கி, தண்ணீர் போகும் வழியை அடைத்துக்கொண்டிருந்ததாம். சந்தேகம் வந்து, அத்தானின் பழைய ரேடியேட்டரை ஈயம் பற்றவைப்பவர் கடைக்குத் தூக்கிப்போய்த் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காற்றடித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு குமிழிகூட வரவில்லையாம். தண்ணீர் ஊற்றினால் அருவி மாதிரி இறங்குகிறதாம். அதில் ஒரு குறையும் இல்லை, அக்கா; அன்றே அதை மாற்றியிருந்தாலும் இந்த ஹோஸோடு வண்டி அந்த மேட்டில் கொதித்து நின்றுதான் இருக்கும்.