சைன் ஏன் ஒன்றைத் தாண்டாது

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? கவாலாவில் குளிர் எப்படி? நான் நலம். கோபம்தான் இன்னும் ஆறவில்லை.

இந்தத் தீவுப் பிள்ளைகள் சைன் சூத்திரங்களைக் கிளிபோல் ஒப்பிக்கிறார்கள். அர்த்தம் ஒருவருக்கும் தெரியாது. அதனால் நேற்றுப் பள்ளி முற்றத்தில் கயிறு பிடித்துப் பெரிய வட்டம் வரைந்து, நடுவே குறுக்காக ஒரு கோடு போட்டேன்.

"மையத்துலேர்ந்து பிடிச்ச கயிறு நீளம் ஒண்ணுன்னு வச்சுக்கோ. வட்டத்து மேலயே நட. கோட்டை விட்டு எவ்வளவு விலகுறியோ, அதுதான் சைன்" என்று ஸ்டமாட்டியாவிடம் சொன்னேன். வகுப்பில் வாயே திறக்காத பெண் அவள். நடந்துபோய், கோட்டிலிருந்து மிகத் தள்ளியிருந்த உச்சியில் நின்று கத்தினாள்: "டீச்சர், இதுக்கு மேல விலக முடியலையே! அதான் சைன் ஒண்ணைத் தாண்டறதில்லையா?"

அதற்குள் தலைமையாசிரியர் கோஸ்மாஸ் வந்துவிட்டார். "என்னம்மா, பாண்டி ஆட்டமா? ஏன், எதுக்குங்கறதெல்லாம் பரீட்சைல வராது" என்று சொல்லி, பிள்ளைகள் எதிரிலேயே வாளித் தண்ணீரைக் கொட்டி வட்டத்தை அழித்தார். அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிப்போனது.

"காயட்டும் சார், திரும்பவும் போடுவேன்" என்றேன். இன்று காலை போட்டும் விட்டேன். மேலிடத்துக்குப் புகார் எழுதுகிறாராம். எழுதட்டும்!

தடித்த காலுறையும், உன் கையால் செய்த அத்திப்பழ ஜாமும் அனுப்பு. தபால் கப்பல் ஊதிவிட்டது. அப்பாவிடம் எதையும் சொல்லாதே, அடுத்த கப்பலிலேயே சண்டைக்கு வந்து நிற்பார்.

வந்தாலும் நல்லதுதான்.

உன் எவாந்தியா