முன்னதாகக் கட்டிய மஞ்சள் துணி

ஆகஸ்ட் 29

டார்ச் விளக்குகளுக்கு பேட்டரி மாற்றினேன். அவசரப் பையில் இருந்த உலர் சோற்றின் கெடு முடிந்திருந்தது. மதியம் அதையே வெந்நீர் ஊற்றிச் சாப்பிட்டோம். "பூகம்பம் வர்றதுக்குள்ள அதுக்கு வெச்ச சோத்தையெல்லாம் நாமளே தின்னு தீர்த்துடுவோம் போல," என்றாள் என் மனைவி கினுவே.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. நிலம் ஆடி நின்றதும், வீட்டில் எல்லாரும் நலம் என்றால் வாசலில் மஞ்சள் துணி கட்ட வேண்டும். துணி இல்லாத வீட்டைத்தான் மீட்பு ஆட்கள் தட்டுவார்கள். எங்கள் வரிசையைப் பார்த்துச் சொல்லும் வேலை இந்த வருடமும் எனக்கே. நான் தகுதியான ஆளா என்று யாரும் கேட்பதில்லை.

செப்டம்பர் 1

சைரன் ஊதி நான் செருப்பு மாட்டுவதற்குள் மலைச்சரிவு முழுக்க மஞ்சள். குடியிருப்புத் தலைவர் குசுனோசே ஒலிபெருக்கியில், "இந்த மாவட்டத்துலயே நம்மள அடிச்சுக்க ஆள் இல்லீங்க," என்றார். கைதட்டினோம்.

ஒரு சின்ன விஷயம். விடியற்காலையில் தூறிவிட்டு நின்றிருந்தது. பக்கத்து வீட்டு மசுயோ சானின் துணி மட்டும் நனைந்து தொங்கியது. சைரன் ஊதியதோ ஒன்பது மணிக்கு. ஈரக் கையோடு கட்டியிருப்பாரோ? முடிச்சைத் தொட்டுப் பார்த்தேன். உள்ளே வரைக்கும் ஈரம்.

செப்டம்பர் 3

இரண்டு நாள் யோசித்துவிட்டுப் போனேன். சாக்குக்காகக் கினுவே கொஞ்சம் கத்தரிக்காய் கொடுத்தனுப்பினாள். மசுயோ சான் கணவர் இறந்தபின் தனியாக இருப்பவர். எங்களைவிட மூத்தவர்.

"ஐயோ, கண்ணுல பட்டுடுச்சா. மன்னிச்சுக்குங்க. முட்டி மடங்க மாட்டேங்குது, வாசலுக்கு வரவே நேரமாகுது. எனக்காக எல்லாரும் காத்து நிக்கணுமா? அதான் முந்தின நாளே கட்டிட்டேன்."

"ஒத்திகைக்குச் சரிங்க. நிஜமா ஆடினா?"

"அதுக்கும்தான். எங்கயாவது ஆடுச்சுன்னு டிவில சொன்னாலே கட்டிட்டுத்தான் படுப்பேன். கொழந்தைங்க இருக்கற வீட்டுக்கு முதல்ல போகட்டும். நான் கிழவி, எங்கிட்ட மெதுவா வரட்டும்."

மெதுவாக வர மாட்டார்கள். வரவே மாட்டார்கள். அதைச் சொல்ல வாய் வரவில்லை. தேநீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன். மாலையில் வேலிமேல் ஒரு தேயிலைப் பொட்டலம். கத்தரிக்காய்க்குப் பதில் மரியாதை.

செப்டம்பர் 8

நேற்று தெற்குக் கடலில் லேசான அதிர்வு என்று செய்தி. இன்று காலை நடந்தபோது வேண்டுமென்றே எல்லா வரிசைகளையும் சுற்றினேன். இன்னும் நான்கு வாசல்களில் மஞ்சள். எல்லாம் தனியாக இருக்கும் முதியவர்களின் வீடுகள். ஒருவருக்கொருவர் பேசிவைத்ததாகத் தெரியவில்லை. யாருக்கும் தொந்தரவாகிவிடக் கூடாது என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக முடிவு செய்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் இதை யாரும் தப்பென்று சொல்ல மாட்டார்கள் — நானும் இதையே செய்திருப்பேனோ?

செப்டம்பர் 14

கூட்டம். கடைசியில் குசுனோசே என் பக்கம் திரும்பி, "வேற ஏதாச்சும் சொல்லணுமா, நிஷிமோரி சான்?" என்றார்.

"இல்லீங்க."

இல்லீங்க! ஏன் அப்படிச் சொன்னேன்?

கினுவேயிடம் சொன்னேன். "பாலத்தைச் சோதிக்கற வேலையில மயிரிழை விரிசல் இருந்தாக்கூட வட்டம் போட்டுட்டு வருவீங்களே. மனுஷங்க இருக்கற எடத்துல மட்டும் பேனா எழுதாதா?" என்றாள். பாலம் எதிர்த்துப் பேசாது என்றேன். அவள் சிரிக்கவில்லை.

செப்டம்பர் 15

குசுனோசேயின் அரிசிக் கடைக்குப் போனேன். இரண்டு முறை கடையைத் தாண்டி நடந்துவிட்டு, மூன்றாம் முறை நுழைந்தேன். சொன்னேன்.

அவர் முகம் சிவந்தது. "அப்போ நம்ம பேரு முழுக்கப் பொய்யின்னு சொல்றீங்களா?"

"பொய் இல்லீங்க. நல்ல மனசோடதான் கட்டறாங்க. ஆனா உதவி தேவைப்படற வீடாப் பார்த்துத்தான் நாம தாண்டிப் போவோம்." அரிசி மூட்டையைப் பிடித்துக்கொண்டேன். "மேல் வரிசைக் கடைசி வீட்டுலயும் பார்த்தேன்."

"அது எங்கம்மா வீடு."

"தெரியுங்க."

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மேட்டில் ஏறிப் போனார். நான் அங்கேயே நிற்பதா, வீட்டுக்குப் போவதா என்று தெரியாமல் வெகுநேரம் நின்றேன். திரும்பி வந்தவர் கையில் ஒரு மஞ்சள் துணி. "வெயில்ல வெளுத்தே போயிருக்கு," என்றார். "என்ன செய்யலாம், சொல்லுங்க."

செப்டம்பர் 22

நான் சொன்னதையே வைத்துக்கொண்டார்கள். பயமாக இருக்கிறது. இனி யாரும் தன் துணியைத் தானே கட்டக் கூடாது. ஒவ்வொரு வீட்டுத் துணியும் பக்கத்து வீட்டில் இருக்கும். அவர்கள் வந்து அந்த வீட்டாரின் முகத்தைப் பார்த்த பிறகே கட்ட வேண்டும். மசுயோ சானின் துணி எங்களிடம், எங்களுடையது அவரிடம்.

அவருக்கு இது பிடிக்கவில்லை. "நான் வர முடியலேன்னா உங்க வாசல் வெறுமனே கெடக்கும். உங்களத் தேடி ஆள் வந்து நிப்பாங்க. உங்களுக்கு எவ்வளவு தொந்தரவு."

"ஆமாங்க. அதனால நீங்க நல்லா இருந்தாகணும்."

எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. கினுவே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அக்டோபர் 6

வாசலில் துணி இல்லாமல் வீடு மொட்டையாக இருக்கிறது என்று இரண்டு பேர் குறைப்பட்டார்கள். என் யோசனை சரிதானா? பக்கத்து வீட்டுக்காரரே விழுந்து கிடந்தால்? கிடந்தால் இரண்டு வாசலும் வெறுமனே இருக்கும், ஆள் வரும். மறுபடி மறுபடி யோசித்துப் பார்த்தேன். சரிதான். சரி என்றுதான் நினைக்கிறேன்.

அக்டோபர் 19

காலைச் சாப்பாட்டின்போது ஆடியது. பெரிதுதான். கினுவே மேஜைக்கு அடியில், நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு. கிண்ணங்கள் உடைந்தன. எங்களுக்கு ஒன்றும் இல்லை.

துணியை எடுத்துக்கொண்டு ஓடினேன். மசுயோ சான் என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. கதவு கோணிக்கொண்டு திறக்கவில்லை. தோட்டப் பக்கம் சுற்றிப் போனேன். துணி வைக்கும் மர அலமாரி சாய்ந்து கிடந்தது, கீழே அவர் கால்.

"கட்டியாச்சா?" என்று கேட்டார். முதல் கேள்வி அதுதான்.

"இன்னும் இல்ல."

"கட்டிடுங்களேன். பாவம், எல்லாருக்கும் எவ்வளவு வேல இருக்கும்."

"கட்ட மாட்டேன். சும்மா இருங்க!" — கத்திவிட்டேன். அவரிடம் போய்க் கத்திவிட்டேன்.

என்னால் அலமாரியை அசைக்கக்கூட முடியவில்லை. ஆனால் இரண்டு வாசலும் வெறுமனே இருந்ததைப் பார்த்துக் குசுனோசேயும் இன்னும் இருவரும் வந்துவிட்டார்கள். தூக்கினார்கள். கணுக்கால் எலும்பு முறிவு. உயிருக்கு ஒன்றும் இல்லை என்றார் மருத்துவர். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் காலே போயிருக்கும் என்றும் சொன்னார்.

எழுதும்போது மறுபடி ஆடுவதுபோல் இருக்கிறது. நிலம் ஆடவில்லை. எழுந்து தொங்கும் விளக்கைப் பார்த்துவிட்டேன், அசையவில்லை.

அக்டோபர் 21

குடியிருப்பில் எல்லாரும் பத்திரம். மற்ற நான்கு வீடுகளையும் அக்கம்பக்கத்தார் நேரில் பார்த்துவிட்டே கட்டினார்களாம்.

நவம்பர் 9

மசுயோ சான் ஊன்றுகோலோடு வீடு திரும்பினார். எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார். "நீங்க இப்படிக் கும்பிட்டுக்கிட்டே வந்தா புத்தாண்டுக்குத்தான் வீடு போய்ச் சேருவீங்க," என்றார் குசுனோசே. மசுயோ சான் அதற்கும் மன்னிப்புக் கேட்டார்.

நவம்பர் 24

காலையில் வேலிக்கு அப்பாலிருந்து குரல். "நிஷிமோரி சான். கொஞ்சம் வர முடியுமா?"

பதறிப் போனேன். ஒன்றுமில்லை. முள்ளங்கி ஊறுகாய் ஜாடியின் மூடி திறக்கவில்லையாம். இத்தனை வருடத்தில் அவர் என்னை ஒரு வேலைக்குக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

துணியைச் சுற்றித் திருகினேன், வெந்நீரில் வைத்தேன், தட்டினேன். எனக்கும் திறக்கவில்லை.

வேலியோரம் வந்து கினுவேயைக் கூப்பிட்டேன்.