கூடுதலாக ஒளிர்ந்த நட்சத்திரம்

பாசடீனா, சனிக்கிழமை

என் கண்ணே நைரி,

நானும் அப்பாவும் சுகம். ஹோபார்ட் குளிரில் நெஞ்சில் சளி கட்டாமல் நீயும் சுகமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் தேவலை, மாடிப்படி ஏறுகிறார், நான் பார்க்காதபோது எலுமிச்சை மரத்திலும் ஏறுகிறார். போன வாரம் போனில் என் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாயே, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

விண்வெளியில் இருக்கும் எங்கள் அகச்சிவப்புத் தொலைநோக்கி சரியாக அளக்கிறதா என்று பார்க்க, இவ்வளவுதான் ஒளிரும் என்று நன்றாகத் தெரிந்த ஐந்து நட்சத்திரங்களைத் தராசுப் படிக்கல் மாதிரி வைத்திருக்கிறோம். அதில் ஒன்று நான் தேர்ந்தெடுத்தது. அது மட்டும், நீண்ட அலைகளில் மட்டும், கணக்கைவிடக் கூடுதலாக ஒளிர்ந்தது. எங்கள் தலைவர் டேல் கூட்டத்தில் எல்லார் முன்னாலும், "நாலு ஒத்துப்போகுதுல்ல, இதைத் தூக்கிடு அராக்சி, தொலைநோக்கிக்காக வெளியில ஆளுங்க வரிசையில நிக்கிறாங்க" என்றார். கருவியிலேயே ஒரு மூலையில் கோளாறு இருந்தால், இனி அங்கே விழும் ஒவ்வொரு அளவும் தப்பாகுமே! நட்சத்திரத்தின் ஒளி கருவியின் வேறு மூலையில் விழும்படி நகர்த்தி, அதன் இடத்தில் இன்னொன்றை வைத்துப் பார்க்க நேரம் கேட்டேன். "வேலை தள்ளிப்போனா நீதான் பதில் சொல்லணும்" என்று முனகிக்கொண்டே கொடுத்தார். அந்த வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அப்பா திராட்சை இலையில் சுருட்டிச் செய்த டோல்மா அப்படியே ஃபிரிட்ஜுக்குத் திரும்பியது.

வியாழக்கிழமை அளவுகள் வந்தன. கருவியில் குறையில்லை. நட்சத்திரம் எங்கே போனாலும் கூடுதல் ஒளியும் கூடவே போனது. அதைச் சுற்றித் தூசு இருக்கிறது நைரி, நட்சத்திரச் சூட்டில் அந்தத் தூசுதான் நீண்ட அலைகளில் ஒளிர்கிறது, பெரிய பாறைகள் மோதி உடைந்த பொடியாக இருக்கலாம். டேல் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எனக்கு ஒரு படிக்கல் போச்சு, உனக்கு ஒரு உலகம் கெடச்சிருக்கு, இது என்ன நியாயம்?" என்று சிரித்தார். வீட்டுக்கு வந்து சொன்னால் அப்பா, "அங்கயும் எவளோ வீடு பெருக்காம விட்டிருக்கா, அராக்ஸ் ஜான்" என்று கொஞ்சுகிறார். சிரித்தேன், பிறகு கொஞ்சம் அழுதேன். அத்தனை வருடம் நம்பிய நட்சத்திரத்தை இனி அளவுக்கு வைக்கக் கூடாது என்று நானே எழுதிக் கொடுத்தேன். மறுநாள், அதையே வருடம் முழுக்கப் பார்க்க நேரம் கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதினேன். அதற்கு முதலில் கையெழுத்துப் போட்டவர் டேல்.

கடைவாய்ப் பல்லை இந்த மாதமாவது பிடுங்கிக்கொள், சாக்குச் சொல்லாதே. உன் வலியெல்லாம் எனக்கு வரட்டும், உன் வாசலுக்கு நல்லவர்களே வரட்டும்.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா அராக்சி