அடிமூடியில் உடைந்த சிவப்புக் கோடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். உறையைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும், இந்தக் கோணல் எழுத்தும் கிரீஸ் கறையும் வேறு யாருக்கு இருக்கிறது. இங்கே அம்மா நன்றாக இருக்கிறாள், முட்டிவலி மட்டும் மாடிப்படியைக் கண்டால் வருகிறது, கடைத்தெருவைக் கண்டால் போய்விடுகிறது. அண்ணன் பிள்ளைக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, சிரித்தால் பட்டறைக் கதவைத் திறந்து வைத்த மாதிரி இருக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நான் எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்டு ஆறு வருஷமாகிறது, கேட்க வேண்டிய கட்டாயமும் உனக்கில்லை, ஆனாலும் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவிடம் பேசும்போதெல்லாம் நான் பக்கத்து நாற்காலியில்தான் இருப்பேன். உனக்குத் தெரியாது. அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் காய் நறுக்குவாள், நான் மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருப்பேன். போன வாரம் நீ, சமையலறைக் குழாய் நாலு நாளா சொட்டுதும்மா, ஆளை வரச் சொல்லியிருக்கேன், இன்னும் வந்தபாடில்லை என்றாய். அம்மா கத்தியை வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஒரு படகின் டிரைவை முழுசாகத் தனியாளாகக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டி, சாயங்காலத்துக்குள் படகைத் தண்ணீரில் இறக்கிய பெண், ஒரு குழாய் சொட்டுவதற்கு ஆளுக்குக் காத்திருக்கிறாள்.

மறுநாள் காலை அவசரம் மாமா பட்டறைக்கு வந்தார். அந்தப் பெயரை வைத்ததே நீதான், படகுக்காரர் இன்னும் மாறவில்லை, செருப்பைக் கழற்றுவதற்குள் பாதிப் பேச்சை முடித்துவிடுகிறார். அவருடைய இன்னொரு படகில் மேல்பக்கப் பல்சக்கரம் போய்விட்டதாம், புதுசு வர இரண்டு மாதமாகுமாம், அந்தப் பழைய டிரைவ் மூலையில சும்மாதானே கெடக்கு, அதுலேர்ந்து உருவிக் குடுங்களேன் என்றார். எந்த டிரைவ் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எஞ்சின் படகுக்குள்ளே சொகுசாக உட்கார்ந்திருக்க, பின்பக்கம் தண்ணீருக்குள் நின்று பாடுபடுகிற கால் அது, நீ கடைசியாகக் கை வைத்தது. ஆறு வருஷமாகத் தார்ப்பாய் போர்த்தி வைத்திருந்தேன், ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கவில்லை. குற்றவாளி யாரென்று பத்துப் பேர் முன்னால் தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது, பிறகு விசாரணை எதற்கு.

தார்ப்பாயை இழுத்ததும் உன் நகப்பூச்சுதான் கண்ணில் பட்டது. ஒவ்வொரு திருகையும் முடுக்கிய பிறகு அதன் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரைக்கும் சிவப்பாக ஒரு கோடு இழுப்பாயே, திருகு அசைஞ்சா கோடு உடைஞ்சு காட்டிக் குடுத்துடும்பா என்பாய். எங்க பட்டறையில எஞ்சினுக்குத்தான் மேக்கப் என்று நானும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேலி பண்ணுவேன். ரப்பர் உறையைக் கவ்விப் பிடித்த கிளாம்பு இரண்டிலும் கோடு நேராக இருந்தது. உறையைக் கழற்றினால் உள்ளே நீ வைத்த கிரீஸ் அப்படியே இருக்கிறது, ஒரு பொட்டுத் துரு இல்லை. தண்ணீர் பம்பு மூடி, அதிலும் கோடு சரி. புரொப்பெல்லரைக் கழற்றி அச்சில் நீ போட்ட ஆயில் சீல் வளையத்தைப் பார்த்தேன், அதைத்தானே கோணலாகப் போட்டுத் தண்ணீரை உள்ளே விட்டாய் என்று அன்று கத்தினேன், இம்மி பிசகாமல் உட்கார்ந்திருந்தது. கடைசியில் ஆயில் வடிக்கிற அடிமூடிக்கு வந்தேன். அதில் மட்டும் கோடு உடைந்திருந்தது, மூடியில் பாதி ஓரிடம், மீதிப் பாதி ஒரு விரல் தள்ளி. நீ முடுக்கிய பிறகு யாரோ திறந்திருக்கிறார்கள். கழற்றிப் பார்த்தால் விளிம்பு பிய்ந்து நசுங்கிப்போன ஒரு பழைய வாஷர். நீ புது வாஷர் இல்லாமல் எதையும் மூடியவள் இல்லை. பழசைச் சட்டைப்பையில் போட்டு வைத்துக்கொண்டு, இன்னொரு தடவை தாங்கும் என்று சொல்கிற ஆள் அந்தப் பட்டறையில் ஒருவன்தான்.

அப்பாவுக்கு மறந்துபோயிருந்தது என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன் பாப்பா. மறக்கவில்லை. படகை இறக்குகிற அன்று காலை நீ சாப்பிடப் போயிருந்தாய். சரியான ஆயிலைத்தான் ஊற்றியிருக்கிறாயா என்று எனக்கு ஒரு அரிப்பு, மூடியைத் திறந்து நாலு சொட்டை விரலில் தேய்த்து மோந்து பார்த்தேன். சரியான ஆயில்தான். அதற்குள் உன் புது வாஷர் நழுவிச் சேற்றில் விழுந்துவிட்டது, தேடப் பொறுமையில்லாமல் பையில் இருந்ததைப் போட்டு முடுக்கினேன். ஒன்றரை மாதம் கழித்துக் கீழ்ப்பக்கப் பல்சக்கரம் இறுகிப்போய், எட்டுப் பேரை வைத்துக்கொண்டு படகு நடுத்தண்ணீரில் மூன்று மணி நேரம் நின்றதும், கயிறு கட்டி இழுத்து வந்ததும், அளவுக்கம்பியை உருவினால் ஆயில் தண்ணீர் கலந்து பாலாக வெளுத்திருந்ததும் உனக்கே தெரியும். அப்போது நீ ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். அப்பா, அடிமூடிய யாராச்சும் தெறந்தாங்களா என்று. குனிந்து பார்க்கவும் போனாய், நான் உன் கையைத் தட்டிவிட்டேன். யாரு தெறப்பா, கடைசியா கை வெச்சது நீதானே, பொண்ணை நம்பி வேலையை விட்டேன் பாரு, என்னைச் சொல்லணும் என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் கை சட்டைப்பையைத் தடவியது, அதுவும் நினைவிருக்கிறது. அத்தனை பேர் முன்னால் என் தப்பைச் சொல்ல நாக்கு எழவில்லை, பெற்ற பிள்ளைமேல் போட மட்டும் எழுந்தது. நீ பட்டறைக்கு வந்து ஸ்பேனரைத் துடைத்து அதன் ஆணியில் மாட்டிவிட்டுப் போனாய். மூன்றாவது மாதம் பெட்டி கட்டினாய். நல்ல வேலை கிடைத்துப் போனாள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். மூன்று நாளாகச் சாப்பாட்டுத் தட்டு வருகிறது, பேச்சு வரவில்லை. நேற்று படகுத்துறைக்குப் போய், உன்னைக் கத்திய அதே இடத்தில் நின்று, அன்று இருந்தவர்களில் கிடைத்த நாலு பேரிடம் மூடியைக் காட்டிச் சொன்னேன். ஊர் காறித் துப்பும் என்று பயந்துதானே அன்று வாயை மூடிக்கொண்டேன், நேற்று ஒருவரும் முகம்கூடச் சுளிக்கவில்லை. அவசரம் மாமா மூடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அது போகட்டும், பல்சக்கரம் எப்போ கெடைக்கும் என்றார். டீக்கடைக்காரர்தான் கிளாஸைக் கழுவிக்கொண்டே, இதை எங்ககிட்ட எதுக்குச் சொல்றீங்க, அந்தப் பொண்ணுகிட்ட சொன்னீங்களா என்றார். இவர்களுக்காகவா உன்னை இழந்தேன் என்று வீடு வரும்வரை மனசு ஆறவில்லை.

அப்பாவை மன்னித்துவிடு என்று கேட்கிறேன். உடனே வேண்டாம், முடியாவிட்டாலும் பரவாயில்லை, உன் மேல் குறை சொல்ல எனக்கு வாயில்லை. திரும்பி வா என்றும் கேட்க மாட்டேன். உன் கை நல்ல கை, அதைக் கெட்ட கை என்று உன்னையே நம்ப வைத்தவன் நான், அதை மட்டும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நான் அதே நாற்காலியில்தான் இருப்பேன், என்னிடம் பேச வேண்டாம், நான் கேட்டுக்கொண்டிருப்பது உனக்குத் தெரிந்திருந்தால் போதும். நீ நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

குழாய்க்கு ஆளை வரச் சொல்லாதே. வாஷர்தான் போயிருக்கும், வேறொன்றும் இருக்காது. உன் குழாயின் அளவு தெரியாததால் மூன்று அளவிலும் ஒவ்வொன்று இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன், எல்லாம் புதுசு. தண்ணீரை அடைத்துவிட்டு நீயே மாற்றிவிடு. பழசைத் திரும்பப் போடாதே பாப்பா, அது இன்னொரு தடவை தாங்காது.

இப்படிக்கு,
அன்று அந்த மூடியைத் திறந்த
உன் அப்பா